ஒத்து ஊதுவோர்

“அவனா? ஒத்து ஊதுகிறவன்!” – எதிர்த்து நிற்பவனைச் சாய்க்க நம் ஊர் மேடைகளிலே இந்த ஒரு சொல் போதும். போதாது என்று எண்ணுவோர் “ஜால்ரா போடுகிறான்” என்பர். “பின்பாட்டுப் பாடுகிறான்” என்பர். “தாளம் போடுகிறான்” என்பர். பொருள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சொந்தக் கருத்து அற்றவன், பிறர் சொல்லுக்குத் தலையாட்டுபவன், அண்டிப் பிழைப்பவன்! இப்படி ஏசுவதிலே கட்சி வேற்றுமை கிடையாது. நம் தோழர்களும் தாராளமாகவே இச்சொற்களை வீசுகிறார்கள்.

இந்த நான்கு வசைகளும் பிறந்த இடம் எது? நான்கும் இசைக்குழுவிலிருந்து வந்தவை. பலர் கூடி இசை எழுப்பும் இடத்திலே, அந்த இசை சிதறிப் போகாமல் தாங்கிப் பிடிப்பவர் எவரோ, அவரைக் குறித்த சொற்கள். சுருதி காப்பவன், காலம் காப்பவன், பாடுபவன் மூச்சு வாங்கும் வேளையில் பாட்டு அறுந்து விழாமல் ஏந்திக்கொள்பவன் – இவர்கள்தாம் நம் பேச்சிலே இழிந்தோராகிவிட்டனர். முன்னே அமர்ந்து புகழ் பெறுபவனைக் குறித்து வசை பிறக்கவில்லை. உடனிருந்து உழைப்பவனைக் குறித்தே பிறந்திருக்கிறது! கூட்டு உழைப்பினால் விளையும் கலையைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுச் சுவைத்த ஒரு சமுதாயம், அந்தக் கூட்டிலே பாதிப் பேரின் தொழிலை வசையாக்கிக் கொண்டது எங்ஙனம்? விடை காண ஏடுகளை மட்டும் புரட்டிப் பயனில்லை; காவிரிக் கரைக்குப் போகவேண்டும்.

குடந்தைக்கு மேற்கே, காவிரியின் ஓரத்திலே இருக்கிறது சுவாமிமலை. மலை என்பது பெயரளவில்தான். நெல்வயல் சூழ்ந்த சமவெளியிலே கட்டி எழுப்பிய மேடு. ஏறிச்செல்ல 60 படிகள். தமிழ் ஆண்டுகள் 60ஐயும் அவை குறிக்கின்றன என்பர் – தமிழ் ஆண்டுகளாம், அவற்றிலே ஒன்றுக்காவது தமிழ்ப்பெயர் உண்டா என்று கேட்டால் முகம் சுளிப்பர்! ஆற்று வண்டலிலே அச்செடுத்து ஐம்பொன் வார்க்கும் சிற்பிகள் வாழும் ஊர் என்று உலகம் இதை அறியும். பக்தர்களோ வேறொரு கதைக்காக அறிவர். ‘ஓம்’ என்ற ஒலிக்குப் பொருள் தெரியாத தந்தைக்கு மகன் அதை எடுத்துரைத்த இடமாம் இது. ஆகவே மகனுக்குத் ‘தகப்பன்சாமி’ என்று பெயராம்.

கதையைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒற்றை ஒலி ஒன்றுக்கு இத்தனை ஏற்றம் கொடுத்து, அதற்காக ஒரு குன்றையே எழுப்பிய ஊர் இது. அதே ஊரின் வீதியிலே விழா நாளில் மேளம் வரும்போது, அந்த மேளத்தின் கடைசியிலே ஒருவர், ஒற்றை ஒலியொன்றை இரவு முழுதும் விடாமல் ஊதிக்கொண்டு வந்தார். அந்த ஒலிக்குப் பெயர் ஒத்து. ‘ஓம்’ தெய்வமாயிற்று, ‘ஒத்து’ திட்டாயிற்று!

பெரிய மேளம் என்று நம் நாட்டிலே சொல்லப்படும் இசைக்குழுவின் அமைப்பு எளியது. நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, கைத்தாளம் ஒன்று, ஒத்து ஒன்று. ஒத்து என்பது பார்வைக்கு நாதசுரம் போலவே இருக்கும். ஆனால் விரலால் மூடித் திறந்து சுரம் மாற்றும் வேலை அதிலே இல்லை. ஆதார சுருதி ஒன்றைமட்டும் அது எழுப்பும். எளிய வேலைதானே என்று எண்ணுவீர்கள். ஊதிப் பார்த்தவருக்குத் தெரியும்! மூச்சு தீர்ந்தது என்று நிறுத்தினால் இசையின் அடித்தளமே நழுவிவிடும். ஆகவே கன்னத்திலே காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அதே நொடியில் மூக்கால் புதுக்காற்றை உள்ளிழுக்க வேண்டும். நாழிகைக் கணக்கில், நடந்துகொண்டே, ஒலி கூடாமல் குறையாமல் அதைச் செய்யவேண்டும். ராகம் வாசிப்பவர் தம் கற்பனையிலே எங்கெங்கோ பறக்கலாம்; திரும்பி வந்து கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைக் காத்து நிற்பவர் ஒத்துக்காரர்.

மேளத்தைக் கேட்டுச் சுவைக்க விரும்பும் இளைஞருக்கு நான் சொல்வது இது: முதலில் நாயனத்தைக் கேட்காதீர்கள்! அது தானாகவே காதில் விழும். சுருதியைத் தேடிப் பிடியுங்கள். அது பிடிபட்ட பிறகு, சிறிய வெண்கலத் தாளத்தின் ‘கிணுக்’ ஒலியைப் பின்தொடருங்கள். பிறகு இரண்டாவது நாதசுரத்திடம் செல்லுங்கள். முதல்வர் ராகத்தை விரித்துச் செல்லும்போது, மற்றவர் சும்மா நிற்பதில்லை; ஆதார சுரத்தைப் பிடித்து நிற்பார், முதல்வர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் விட்ட சொற்றொடரின் வாலைப் பிடித்து நீட்டுவார், பிறகு கைமாற்றிக் கொடுப்பார். கீர்த்தனை தொடங்கிவிட்டாலோ இரு குழலும் ஒரு குழலாகிவிடும். திருவீழிமிழலைச் சகோதரர்கள் என்று புகழ் பெற்ற சுப்பிரமணிய பிள்ளை, நடராசசுந்தரம் பிள்ளை இருவரும் வாசித்தபோது, எவர் எங்கே விட்டார், எவர் எங்கே எடுத்தார் என்று பிரித்தறிய முடியாது என்று கேட்டோர் வியந்தனர். ஒருவர் மற்றவரை வெல்ல முயன்றிருந்தால் அந்த வியப்பு நிகழ்ந்திருக்குமா?

கடைசியாகத் தவில். பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், வலப்பக்கத்துக்கு, துணியும் பசையும் கொண்டு இறுகச் செய்த கூடுகளை மாட்டிய விரல்கள், இடப்பக்கத்துக்குக் கழி. இருவர் எதிரெதிரே நின்று தொடங்கும்போது சண்டைக்குப் புறப்பட்டவர்களைப் போலத் தோன்றும். ஒருவர் நீண்டதொரு கணக்கைக் கொட்டி நிறுத்துவார். மற்றவர் அதற்கு மறுமொழி கொட்டுவார். மறுமுறை அதிற் பாதி. அடுத்து அதிலும் பாதி. இப்படிக் குறைந்து குறைந்து, ஒருவர் அடிக்கும் ஒலி முடியும் முன்பே மற்றவர் ஒலி தொடரும் நிலை வந்து, இறுதியிலே இருவரும் கலந்து ஒரே முத்தாய்ப்பில் போய் விழுவர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) போன்றோரின் கைகள் இந்தக் கணக்கிலே செய்த விந்தைகளைத் தஞ்சை மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்திருக்கிறது. எழுதி வைத்த தாள் கிடையாது. கோல் பிடித்து ஆட்டிவைப்பவர் கிடையாது. ஒருவரை ஒருவர் கேட்பது ஒன்றே வழி.

கூட்டு என்று சொல்லும்போது, வீதியிலே தெரியும் அறுவரோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. குடந்தையிலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியிலே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட ஆச்சா மரத்தை வாங்கி, கடைந்து, துளையிட்டு நாதசுரமாக்கும் ஆசாரிகளின் ஊர். விரல் ஆளும் துளைகள் 7; அவற்றுக்குக் கீழே, சுருதியைச் சரிசெய்யவென்று 5 துளைகள், மெழுகிட்டு அடைக்கப்படுவன. முன்பு பெருவழக்காய் இருந்த ‘திமிரி’ குட்டையானது, உச்சக்குரலில் ஒலிப்பது. அதைவிட நீண்டு, தாழ்ந்து ஒலிக்கும் ‘பாரி’ நாயனத்தை, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கித் தந்தவர் இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் நாணல் தட்டையை அறுத்துப் பதம்செய்து சீவாளி கட்டுவோர் வேறு. அந்த மெல்லிய தட்டை சரியில்லாவிட்டால் எத்தனை பெரிய வித்துவானும் ஊமைதான்! நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. காலம் கடந்தேனும் கிடைத்ததே என்று மகிழலாம்.

இனிப் பழைமைக்கு வருவோம். ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற சொல்லைக் கேட்டதும் அது மேலைநாட்டுப் பொருள் என்று வாய் பிளப்போர் நம்மிடையே உளர். தமிழிலே அதற்குப் பல்லியம் என்று பெயர். சங்கப் புலவர் ஒருவரின் பெயரே நெடும்பல்லியத்தனார்! முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் தூம்பும் குழலுமாகப் பல கருவிகளைப் பையிலே சுமந்துகொண்டு மலைவழி நடந்த கூத்தர் கூட்டத்தை மலைபடுகடாம் நம் கண்முன் நிறுத்துகிறது.

சிலப்பதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாதவி அரங்கேறிய நாளில் கருவிகள் எவ்வாறு இணைந்தன என்பதை இளங்கோ முறைப்படுத்திச் சொல்கிறார். குழலின் தடம்பற்றி யாழ் சென்றது, யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதன்பின் முழவு, முழவோடு இணைந்து ஆமந்திரிகை. இங்கே ‘பின்னே செல்லுதல்’ இழிவாகவா பேசப்படுகிறது? அழகாகப் பேசப்படுகிறது! தண்ணுமை ஆசிரியனுக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று வகுக்கும் இடத்திலே, பிற கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்பவும், மிகை நேர்ந்தால் அடக்கவும், அதையும் அளவு கடவாமல் செய்யவும் அறிந்தவன் என்று சொல்லப்படுகிறது. குழுவாக வாசிப்போருக்கு இதைவிட நுட்பமான இலக்கணம் வேண்டுமா? குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) இத்தகைய பகுதிகளை மேடைதோறும் பாடிக்காட்டி விளக்கினார். புலவர்கள் வெறும் சொற்பொருள் சொல்லிவிட்டுக் கடந்துபோன இடங்களிலே இசை இருக்கிறது என்று உணர்த்திய பெரியவர் அவர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மற்றொரு சான்று கல்லிலே கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட இராசராசன் அமர்த்தியோர் 48 பேர். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு நெல் 3 குறுணி. கவனியுங்கள் – ஒவ்வொருவருக்கும்! பாடுபவனுக்கு ஒரு படி, பக்கத்தில் கொட்டுபவனுக்கு அரைப்படி என்ற பாகுபாடு இந்தக் கல்வெட்டில் இல்லை. 12 குறுணி ஒரு கலம் என்ற கணக்கிலே பார்த்தால், உடுக்கைக்காரருக்கும் பாடகருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 கலம். ஒருவர் மறைந்தால் அவர் உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். உறவினருக்குத் தகுதியில்லையானால் தகுதியுள்ளவரை அமர்த்தவேண்டும். உறவினரே இல்லையானால் எஞ்சியிருப்போர் கூடித் தக்கவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அதிலே விதி உண்டு. குழுவிலே யார் சேர்வது என்பதைக் குழுவே முடிவு செய்யும் உரிமை!

உடனே “பார்த்தீர்களா, பொற்காலம்!” என்று துள்ள வேண்டாம். அந்த நெல் வானத்திலிருந்து கொட்டவில்லை. ஊர் ஊராக உழவன் முதுகிலே ஏறி அளந்து வாங்கியது. அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளைச் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து தெருத் தெருவாகக் குடியமர்த்திய செய்தியைச் சொல்கிறது. சுவாமிமலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பழையாறையிலிருந்தும் பெண்கள் கொண்டுபோகப்பட்டனர். தலைக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கும் கொடுத்தார்கள். பங்கு கொடுத்தவன், ‘வர விருப்பமா?’ என்று கேட்டான் என்பதற்குக் கல்வெட்டிலே சான்றில்லை. அந்த வழக்கம் பின்னாளில் எந்தச் சேற்றிலே போய் முடிந்தது என்பதை நாடறியும். அதிலிருந்து மீட்க மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமியும் எத்தனை ஏச்சுகளைத் தாங்கினர்! சென்னை மாகாணத்திலே தடைச்சட்டம் வந்தது 1947இல்தான்.

ஆட்டத்துக்கு வாசித்த குழு சின்ன மேளம். வீதியிலும் கோயிலிலும் முழங்கியது பெரிய மேளம். சின்ன மேளத்திலும் சுருதிக்கென்று ஓர் ஆள் இருந்தார். துத்தி என்னும் காற்றுப்பையை அழுத்திக்கொண்டு நின்றார். இரு மேளத்தாரும் பெரும்பாலும் ஒரே குலத்தார். பிற்காலத்தில் மாநாடு கூட்டி ‘இசை வேளாளர்’ என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டவர்கள். அதற்கு முன்பு அவர்களை என்னென்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சாமி புறப்படும்போது மல்லாரி வாசிக்க அவர்கள் வேண்டும். திருமணத்தில் தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்ட அவர்கள் வேண்டும். ஆனால் மேலே சட்டை கூடாது. தோளிலே துண்டு கூடாது. இடுப்பிலே கட்டிக்கொள்ள வேண்டும். உட்காரக் கூடாது. மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசித்தவருக்குச் சோறு, மற்றவர் உண்டெழுந்த பிறகு, வேறோர் இடத்தில்!

இதே தஞ்சையிலே மற்றோர் இசைக்குழுவும் இருந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பியக் கருவிகளைக் கொண்டு அரண்மனையில் ‘பாண்டு’ ஒன்று அமைத்தார். மேலைநாட்டு இசைக்குறிப்பு ஏடுகள் அரண்மனைக்கு வந்தன. கும்பினியாரின் படைக்குழு வாயிலாகவும் அரண்மனை வாயிலாகவும் வந்த வயலின், பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு ஆகியோர் கைகளில் நம் இசைக்குப் பழகிற்று. நல்லது, நல்ல கருவி எங்கிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதே. கிளாரினெட்டும் அப்படித்தான் சின்ன மேளத்திலே நுழைந்தது. ஆனால் ஒரு கேள்வி. கடல் கடந்து வந்த வயலினுக்குச் சபா மேடையின் நடுவிலே இடம் கிடைத்துவிட்டது. கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் பேசியவரும் மறுக்கவில்லை. காவிரிக் கரையிலே பிறந்த நாயனத்துக்கோ வாசற்படிக்கு வெளியேதான் இடம்! “அதன் ஒலி பெரிது, அரங்கினுள் பொருந்தாது” என்பர். ஒலி பெரிதுதான், மறுப்பதற்கில்லை. வெட்டவெளிக்கென்றே பிறந்த கருவி அது. ஆனால் வாசிப்பவனை நிற்கவைத்ததும் சட்டையைக் கழற்றவைத்ததும் ஒலியா?

மேலைநாட்டிலும் இசைவாணர் ஏவலாட்களாகவே இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹைடன் என்ற பேரிசைஞர் 1761ஆம் ஆண்டு எஸ்டர்ஹாசிப் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைப் பார்த்தால் நம் நாயனக்காரர் நினைவு வரும். வெள்ளைக் காலுறையும், மாவு பூசிய தலையுமாகச் சீருடையில் வரவேண்டும். நாள்தோறும் முற்பகலும் பிற்பகலும் முன்கூடத்தில் காத்திருந்து, ‘இன்று இசை தேவையா?’ என்று உத்தரவு கேட்கவேண்டும்! அங்கே சட்டையை மாட்டச் சொன்னான், இங்கே கழற்றச் சொன்னான், வேறுபாடு அவ்வளவுதான்.

1772இல் அந்தப் பிரபு, கோடைகால மாளிகையை விட்டுக் கிளம்ப மனமின்றி நாளைக் கடத்தினான். மனைவி மக்களைப் பிரிந்து வந்திருந்த இசைவாணர்கள் வாடினர். வாய்திறந்து கேட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம். ஹைடன் புதிய சிம்பொனி ஒன்றை எழுதினார். அதன் கடைசிப் பகுதியிலே, தன் பங்கை முடித்த ஒவ்வொருவரும் தன்முன் இருந்த மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவர். முதலில் எழுந்தவர்களில் ஒருவர் ஓபோ வாசிப்பவர். இறுதியில் வயலின் இரண்டு மட்டும் மெல்ல ஒலித்து, ஓய்ந்துவிடும். இருட்டிலே அமர்ந்திருந்த பிரபுவுக்குப் புரிந்தது. மறுநாளே பயணத்துக்கு உத்தரவு பிறந்தது! கூடி இசைப்போர் கூடி நிறுத்தவும் வல்லவர் என்பதை வன்முறையின்றி, வாய்ச்சொல்லின்றி உணர்த்திய வேலைநிறுத்தம் அது.

ஓபோ என்றேனே, அது நம் நாயனத்தின் இனம்தான். இரட்டைச் சீவாளி கொண்ட குழல். இன்றும் மேலைநாட்டுப் பல்லியம் வாசிக்கத் தொடங்கும் முன்பு, ஓபோக்காரர் ஒற்றைச் சுரம் ஒன்றை ஊதுவார். அத்தனை பேரும் தத்தம் கருவியை அதற்கு இணங்கச் சுருதி கூட்டிக்கொள்வர். அவர்களுடைய ஒத்துக்காரர் அவர்! அவர் பெயரைச் சொல்லி அங்கே எவரும் எவரையும் ஏசுவதாகக் கேள்வியில்லை.

கோல் பிடிக்கும் நடத்துநர் இல்லாமல் பெருங்குழு இயங்காது என்றும் சிலர் கருதுகின்றனர். கோலாலேயே மாண்ட நடத்துநர் ஒருவர் உண்டு. 1687இல், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி நோய் நீங்கியதற்காகக் கடவுளுக்கு நன்றிப்பாடல் நடத்திய லுல்லி, காலம் காட்டும் தடியைத் தரையில் இடிக்கையில் தன் காலையே இடித்துக்கொண்டு, புண் அழுகி உயிர் துறந்தார். மன்னன் பிழைத்ததற்கு நன்றி பெற்றுக்கொண்ட கடவுளுக்கு, நன்றி சொன்னவன் காலைக் காக்க நேரமில்லை போலும்! புரட்சிக்குப் பின், மாஸ்கோவில் 1922இல் இசைவாணர்கள் நடத்துநரே இல்லாத குழு ஒன்றை அமைத்தனர். வட்டமாக அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பெரும் சிம்பொனிகளை வாசித்தனர். 1932 வரை அது நடந்தது. உலகம் புதுமை என்று வியந்தது. சுவாமிமலைத் தெருவிலே மேளம் எப்போதும் அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது.

இந்தக் கலைஞர் முதுகு நிமிர்ந்தது தானாக நடக்கவில்லை. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளிலே, செட்டிநாட்டுப் பகுதி ஊர்வலம் ஒன்றில், மதுரை சிவக்கொழுந்து தோளிலே துண்டோடு நாதசுரம் வாசித்து வந்தார். துண்டை எடுக்கச் சொல்லிச் செல்வச் சீமான்கள் சீறினர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்றார். எடுக்க வேண்டாம், வாசியும் என்றார். துண்டு இருந்தது, நாதமும் வந்தது! தோளில் கிடந்த ஒரு முழத் துணியாலே சுரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

திருக்குவளையில் 1924இல் பிறந்த ஒரு சிறுவனை அவன் குலத்தொழிலாகிய நாதசுரம் கற்க அனுப்பினர். மேலாடையின்றி, துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு பெரிய மனிதர் முன் நிற்கவேண்டும் என்ற முறை அவனுக்குக் கசந்தது, பயிற்சியை விட்டான். பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சரான கலைஞர், தமக்கு அரசியல் கற்பித்த முதல் வகுப்பு அந்த இசை வகுப்புத்தான் என்ற கருத்தைத் தம் தன்வரலாற்றிலே எழுதியிருக்கிறார்.

நாயனத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிளர்ச்சி செய்தவர் இராசரத்தினம் பிள்ளை (1898–1956). குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார், மேடையில் அமர்ந்துதான் வாசிப்பேன் என்றார். ‘திமிர்’ என்றனர். தோடி ராகத்தை அவர் எடுத்தபோது அப்படிச் சொன்னவர்களும் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருந்தனர்!

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் நாம் பகுத்தறிவாளராக மாட்டோம். நாயனக்காரர் தோளிலே துண்டு ஏறிய பின்னும், அதே மேளத்தின் ஒத்துக்காரரும் தாளக்காரரும் பெயரின்றியே நின்றனர். அழைப்பிதழில் நாதசுர வித்துவான் பெயர் இருக்கும், தவில் வித்துவான் பெயர் இருக்கும், மற்றவர் ‘குழுவினர்’. பெரிய மேளத்திலே பெண்ணுக்கு நெடுங்காலம் இடமே இல்லை. “பெண்ணுக்கு மூச்சு போதாது” என்றார்கள். மதுரை பொன்னுத்தாய் ஊதிக்காட்டினார். காலிஷாபி மகபூப் அவர்களுக்குக் கணவரோடு சேர்த்து 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆந்திரத்திலே இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), சுவாமிமலைக்கு அருகேயுள்ள நாச்சியார்கோயிலின் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை வழியைக் கற்று, திருவரங்கத்திலே குடியேறினார். மதம் பார்த்துச் சீவாளி ஒலிப்பதில்லை.

பறை? அதைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முடியாது. பல்லியத்தின் மூத்த கருவி அது. சங்கப் பாட்டிலே நிலத்துக்கு ஒரு பறை உண்டு. அதை முழக்கியவனைத் தெருவுக்கு வெளியே தள்ளிவிட்டு, சாவுக்குமட்டும் அழைத்தனர். துண்டுக்காகப் போராடிய மேளக்காரருள்ளும், பறைக்காரருக்குப் பக்கத்திலே நின்று வாசிக்க இசைந்தவர் எத்தனை பேர்? தமக்கு மேலே இருந்தவன் செய்த கொடுமையைக் கண்டு கொதித்தவர், தமக்குக் கீழே என்று ஒருவனை வைத்துக்கொண்டனர். சாதியின் சூழ்ச்சி அதுதானே! ‘சாவுக்கு இனி அடிக்க மாட்டோம்’ என்று ஊர் ஊராகப் பறையை மறுத்த இளைஞரும் தன்மானக்காரர். அதே பறையை மேடையிலே ஏற்றி, பெண்களும் ஆண்களுமாக அதிரவைக்கும் இளைஞரும் தன்மானக்காரர். அரசின் இசைப்பள்ளிகளிலே இன்று நாதசுரமும் தவிலும் எவரும் கற்கலாம், குலம் கேட்பதில்லை.

பண்ணைப்புரத்து இளையராசாவின் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு வாசித்தது. எழுதியவர் பெயர் வீடுதோறும் ஒலித்தது, மகிழ்ச்சி. வாசித்தவர்களில் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

சுவாமிமலையில் இப்போதும் விழா நாட்களில் மேளம் வருகிறது. நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம். ஒத்துக்காரரை மட்டும் தேடினாலும் காண்பது அரிது. அவர் இடத்திலே மின்கலத்தால் இயங்கும் சுருதிப்பெட்டி ஒன்று, ஒருவர் தோளிலே தொங்குகிறது. அது மூச்சு வாங்குவதில்லை, பங்கு கேட்பதில்லை. கன்னத்திலே காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, விடியும்வரை ஊதும் அந்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்று பெரும்பாலும் எவருமில்லை. வசைச்சொல் மட்டும் மேடைதோறும் வழக்கத்தில் இருக்கிறது.